பழைய ரெகேதான் உசத்தியா? 1985-க்கு இந்தப் பக்கம் கேட்பவர்களும் வாருங்கள்

தாழ்சுருதி

பாப் மார்லி இழையில் ஒருவர் "இப்போது வருகிற ரெகே எல்லாம் வெறும் கம்ப்யூட்டர் சத்தம்" என்று எழுத, அடுத்தவர் "பழசையே கட்டிக்கொண்டு அழாதீர்கள்" என்று பதில் போட, அங்கே பேச வந்த விஷயமே காணாமல் போய்விட்டது. அதனால் தனி இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1968-இல் தொடங்கி ஏறக்குறைய 1984 வரை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பதிவான ரெகே இசைதான் எனக்கு மேல். பழைய நினைவில் ஊறிப்போய்ச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பாட்டுகள் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். வாசிக்கிறவன் காதில் என்ன விழுகிறதோ அதைச் சொல்கிறேன்.

மார்லியின் குழுவான வெயிலர்ஸின் இசைத்தட்டு எதையாவது போட்டு, கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். நாம் கேட்டுப் பழகிய பெரும்பாலான பாட்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் ஒன்றில்தான் கிக் டிரம் விழும். அவர் அந்த ஒன்றைக் காலியாக விட்டுவிடுவார். மூன்றில் கிக்கும் ஸ்னேர் விளிம்பில் படுகிற குச்சியும் சேர்ந்து விழும். இதைத்தான் ஒன் டிராப் என்கிறார்கள். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் நறுக்கென்று வெட்டிவிட்டுப் போகும், நடுவில் ஆர்கன் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலியிடத்தில்தான் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் வந்து உட்காரும். குரலை எடுத்துவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்தாலும் அது தனி மெட்டாக நிற்கும்.

இப்படி வாசிக்க, ஆட்கள் ஒரே அறையில் வருடக்கணக்காகச் சேர்ந்து வாசித்திருக்க வேண்டும். 13 பிரெண்ட்ஃபோர்டு ரோட்டில் தயாரிப்பாளர் காக்ஸன் டாட் நடத்திய 'ஸ்டூடியோ ஒன்' என்ற பதிவுக்கூடத்தில் அதுதான் நடந்தது. ஜாக்கி மிட்டூ ஆர்கனில், லெராய் சிபில்ஸ் பேஸில், நாள் முழுக்க மெட்டுக்கு மேல் மெட்டாகப் போட்டுத் தள்ளினார்கள். அதன் பிறகு சானல் ஒன் ஸ்டூடியோவில் டிரம்ஸில் ஸ்லை டன்பர். இன்றைக்கு ஒருவர் மடிக்கணினியில் பீட் செய்து அனுப்புகிறார், இன்னொருவர் வேறு ஊரில் உட்கார்ந்து அதன் மேல் பாடுகிறார். பாட்டு நன்றாக இருக்கலாம், ஆனால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கும்போது வருகிற அந்த இழுவை அதில் வராது.

இன்னொன்று, மூவர் குரல். மைட்டி டயமண்ட்ஸ், கல்ச்சர், அபிசீனியன்ஸ், ஹெப்டோன்ஸ் எல்லாம் மூன்று குரல்கள். பர்னிங் ஸ்பியர்கூட 1975-இல் மார்கஸ் கார்வி தொகுப்பு வந்த காலத்தில் மூவர் குழுதான். இன்றைக்கு அப்படி ஒரு மூவர் குழு முன்னணியில் இருக்கிறதா? எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

ஸ்காபரோப்_பொடியன்

அண்ணை, நீங்கள் சொன்ன டிரம்ஸ் விளக்கம் அருமை, அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் 1984-இல் கோடு கிழிக்கிறீர்கள் பாருங்கோ, அங்கேதான் எனக்குக் கதை இருக்கு.

நான் ரொறன்ரோவில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஜமைக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். எக்லிண்டன் மேற்குப் பக்கத்தை இங்கே லிட்டில் ஜமைக்கா என்றுதான் சொல்வார்கள். நீங்கள் சொன்ன ஜாக்கி மிட்டூ இந்த ஊரில்தான் வந்து குடியிருந்து 1990-இல் இங்கேயே இறந்தார். லெராய் சிபில்ஸும் 70களில் இங்கே வந்து நெடுங்காலம் இருந்தவர். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் தகப்பன் 70களின் டெனிஸ் பிரவுண் போடுவார், மகன் 90களின் பூஜு பான்டன் போடுவான், ஒருத்தரும் இதில் எது ரெகே என்று அடிபட்டதை நான் காணேல்லை. அவர்களுக்கு எல்லாம் ஒரே ஓட்டம்.

இனி ஸ்லெங் டெங் என்ற பாட்டு. 1985-இல் வேய்ன் ஸ்மித் பாடி, ஜாமி தயாரித்தது. அதன் தாளமும் பேஸும் காசியோ எம்டி-40 என்ற சின்ன வீட்டுக் கீபோர்டில் ஏற்கெனவே இருந்த 'ராக்' என்ற பொத்தானில் இருந்து வந்தது. ஜாமி அதன் வேகத்தைக் குறைத்து, மேலே பியானோவும் தட்டலும் சேர்த்தார். அந்த வருஷம் பெப்ரவரியில் பிளாக் ஸ்கார்ப்பியோ என்ற எதிர் சவுண்ட் சிஸ்டத்தோடு (பெட்டிகளை அடுக்கித் தெருவில் பாட்டுப் போடுகிற குழு) போட்டிக்கு மோதின இரவில் அதைப் போட்டார், அதோடு ஊர் மாறிவிட்டது. ஆனபடியால் எல்லாரும் "அன்றைக்கு மெஷின் வந்து ரெகேயைக் கொன்றது" என்கிறார்கள்.

அந்தப் பொத்தானுக்குள் இருந்த தாளத்தைச் செய்தது யார் தெரியுமோ? ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் ரெகேயைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு 1980-இல் காசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். பழைய ரெகேயை விழுந்து விழுந்து கேட்டவர். அவர் காதில் இருந்தது அந்தக் கீபோர்டுக்குள் போய், கீபோர்டு கிங்ஸ்டனுக்குப் போய், அங்கே இருந்த பெடியள் அதற்குள் ரெகே இருக்கிறதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதில் எங்கே அண்ணை அறுந்தது? எனக்கு இது தொடர்ச்சியாகத்தான் தெரியுது.

பனங்காடு

இரண்டு பேரும் நல்ல விஷயம் பேசுகிறீர்கள். ஆனால் 'பழைய ரெகே' என்று நாம் சொல்வது உண்மையில் எது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

70களில் கிங்ஸ்டனில் இருந்து வாராவாரம் செவன் இன்ச் தட்டுகள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகள், குவிந்துகொண்டே இருந்தன. அதில் எத்தனை நம் காதுக்கு வந்தது? தேறாததெல்லாம் காலப்போக்கில் கழிந்துவிட்டது. 90களில் மான்செஸ்டரில் பிளட் அண்ட் ஃபயர் மாதிரி மறுவெளியீட்டு நிறுவனங்கள் வந்து, தேடித்தேடி, நல்லதை மட்டும் பொறுக்கி, ஒலியைத் துடைத்து, படம் போட்ட உறையில் வைத்துக் கொடுத்தன. காங்கோஸ் குழுவின் 1977 தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் லீ பெர்ரி தன் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் செய்த மிகச் சிறந்த வேலை என்று இன்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மார்லியின் தட்டுகளை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனம் இதை வெளியிடவில்லை. ஜமைக்காவில் கொஞ்சம் பிரதிகள் வந்ததோடு சரி. 90களில் மறுபடி வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் போனது. ஆக, பழையதில் வடிகட்டி எடுத்த உச்சத்தையும் புதியதில் நேற்று யூடியூபில் தானாக ஓடிய ஏதோ ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடைபோடுகிறோம். அது நியாயமான தராசு இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். மார்லியின் 1973 கேட்ச் எ ஃபயர் தொகுப்பை, ஆன்மிகமும் ஏழைகளின் பாடும் பேசுகிற ரூட்ஸ் ரெகேயின் தொடக்கக் கல் என்கிறோம். அது ஜமைக்காவில் பதிவானபடியே வெளிவரவில்லை. ஐலண்டை நடத்திய கிறிஸ் பிளாக்வெல் டேப்பை லண்டனில் வைத்து, ராக் கேட்கிறவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று வேய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கரின் லீட் கிட்டாரையும் ஜான் பண்ட்ரிக்கின் கீபோர்டையும் மேலே சேர்த்தார். 2001-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் ஜமைக்கா மிக்ஸும் இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பர்னிங் ஸ்பியரின் மார்கஸ் கார்வியையும் ஐலண்ட் இங்கிலாந்து சந்தைக்காக வேறு மாதிரி மிக்ஸ் செய்துதான் வெளியிட்டது, அவருக்கு அதில் மனக்கசப்பு. இன்றைக்கு எந்தக் குறையைப் புதிய ரெகே மேல் வைக்கிறோமோ, அதாவது வெளிநாட்டுக் காதுக்காகப் பாலிஷ் போடுகிறார்கள் என்பது, அதே வேலை நடந்த தட்டுகளைத்தான் நாம் கிளாசிக் என்று கும்பிடுகிறோம்.

தாழ்சுருதி

பனங்காடு, கேட்ச் எ ஃபயர் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் என் வாதம் அதனால் சாயவில்லை. பிளாக்வெல் மேலே என்ன பூசினாலும் அடியில் ஓடுவது அந்த இரண்டு சகோதரர்கள் வாசித்தது. பூச்சைச் சுரண்டினால் உள்ளே அறை இருக்கிறது. ஜமைக்கா மிக்ஸ் கேட்டவர்களுக்கு அது புரியும்.

வடிகட்டல் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி என்னவென்றால், பெயர் தெரியாத, யாரும் மறுபடி வெளியிடாத பழைய செவன் இன்ச்சைக்கூட நான் தேடிக் கேட்கிறவன். பாட்டு சுமாராக இருக்கும், பாடுகிறவர் சுருதி விலகுவார், தட்டின் நடு ஓட்டை சற்றுத் தள்ளிப் போட்டிருப்பதால் ஒலியே அசையும். அப்போதும் பேஸும் டிரம்ஸும் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் சுமாரான பாடகருக்கும் அதே ஆட்கள்தான் வாசித்தார்கள். பழையதில் தரையின் உயரமே அதிகம் என்று சொல்ல வருகிறேன்.

தம்பி, ஒகுடா விஷயம் எனக்கும் மிகப் பிடித்தது. ஸ்லெங் டெங்கை நான் குறை சொல்லவில்லை, அது அபாரமான பேஸ் வரி. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. ஹார்ன் வாசித்தவர்கள் வேலை இழந்தார்கள். ஒரு கீபோர்டுக்காரர் போதும் என்று ஆனதும் ஸ்டூடியோவில் ஆறு பேரை வைத்துச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஒலிப்பெட்டி

நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறவன். இங்கே எல்லாரும் வாசிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், மிக்ஸிங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. ரெகேயில் பாதி இசை மிக்ஸிங் மேஜையில் பிறந்தது.

கிங் டப்பி அடிப்படையில் எலெக்ட்ரானிக்ஸ் ஆள். ரேடியோ பழுது பார்ப்பார், சவுண்ட் சிஸ்டத்துக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டுவார். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் அவருடைய வீட்டில் ஒரு சின்ன அறை, டைனமிக் ஸ்டூடியோ கழித்துப்போட்ட பழைய நான்கு டிராக் மேஜை. நான்கே டிராக் என்பதால் டிரம்ஸ் ஒன்றில், பேஸ் ஒன்றில், கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து ஒன்றில், குரல் ஒன்றில் என்கிற மாதிரிதான் இருக்கும். அவர் அந்த டேப்பை ஓடவிட்டு, ஃபேடரை இழுத்துக் குரலைப் பாதியில் வெட்டுவார், வெட்டிய கடைசி அசை எக்கோவுக்குள் போய்த் தேயத்தேய ஒலிக்கும். அந்த மேஜையில் ஒரு பெரிய குமிழ் உண்டு, அதைத் திருகினால் கீழ் ஒலியெல்லாம் வடிந்துபோய்த் தகரம் மாதிரி ஆகும். திரும்ப விட்டதும் பேஸ் வந்து மோதும்.

அகஸ்டஸ் பாப்லோ தயாரித்து டப்பி மிக்ஸ் செய்த 'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' பாட்டைக் கேளுங்கள், ஜேக்கப் மில்லர் பாடிய காதல் பாட்டின் டப், அதாவது மிக்ஸிங் மேஜையிலேயே வெட்டி மாற்றிய வடிவம் அது. மில்லரின் குரல் ஒரு துண்டு வரும், காணாமல் போகும், வேறு இடத்தில் ஒரு துண்டு வரும். கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸ் ஒரு அடி விழுந்தால் அந்த அறையே திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். முழுக்க முழுக்க மனிதர்கள் வாசித்தது, ஆனால் நாம் கேட்பது ஒரு மனிதர் இயந்திரத்தை வாசிப்பதை. அதனால் 'பழையது என்றால் மனிதர், புதியது என்றால் மெஷின்' என்ற பிரிவினை என் காதுக்கு நிற்காது. ஸ்லெங் டெங் தயாரித்த ஜாமியும் டப்பியின் அறையில் வேலை கற்றவர்தான்.

எனக்குப் புதியதில் இருக்கிற மனக்குறை வேறு. பழைய தட்டுகள் சவுண்ட் சிஸ்டத்துக்காக மிக்ஸ் ஆனவை. நம் ஊர்த் திருவிழாவில் மைக்செட்காரர் பெட்டிகளை அடுக்கிவைத்துப் போடுகிறபோது நெஞ்சுக்கூட்டில் அடி விழும் பாருங்கள், ஜமைக்காவில் தெருவில் பாட்டு கேட்டது அப்படித்தான். அந்த ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியையும் மனதில் வைத்து பேஸுக்கு இடம் விட்டார்கள். இப்போது வருகிறதில் பலவும் போன் ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலையும் நடு ஒலியையும் முன்னால் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அமுக்கி வைக்கிறார்கள். மெதுவான இடமும் சத்தமான இடமும் ஒன்றாகிவிடுகிறது. இடைவெளியை வைத்தே வாழ்கிற இசைக்கு இது நல்லதில்லை.

செவ்வந்தி

இவ்வளவு நீளமான இழையில் இதுவரை வந்த கலைஞர்களைப் பாருங்கள். ஒகுடாவைத் தவிர ஒரு பெண் பெயர்கூட இல்லை, அவரும் பாடகி இல்லை. இது தற்செயல் கிடையாது, நீங்கள் பொற்காலம் என்று சொல்கிற காலமே அப்படித்தான் இருந்தது.

ரெகேக்குச் சற்று முந்தைய ராக்ஸ்டெடி இசைக் காலத்தில் ஃபிலிஸ் டில்லன் இருந்தார், டியூக் ரீடின் டிரெஷர் ஐல் ஸ்டூடியோவில் பாடியவர், என்ன குரல்! 1967-இல் நியூயார்க் போய்விட்டார், இடையில் வந்து வந்து பதிவு செய்துவிட்டுப் போனார். மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவட், ரீட்டா மார்லி மூவரும் தனித்தனியாகவே பெரிய பாடகிகள், ஆனால் உலகத்துக்கு அவர்களைத் தெரிந்தது மார்லியின் பின்னால் நின்ற ஐ-த்ரீஸாக. தாழ்சுருதி, மூவர் குரல் என்று ஏங்கிவிட்டு இவர்களை ஏன் விட்டீர்கள்?

சிஸ்டர் நான்சி 1982-இல் 'பாம் பாம்' பாடினார், வின்ஸ்டன் ரைலியின் ஸ்டாலக் என்ற மெட்டின் மேல். அந்த மெட்டு 1973-இல் வந்தது. ரெகே பெயர்கூடத் தெரியாதவர்கள் காதில்கூட இந்தப் பாட்டு விழுந்திருக்கும், கான்யே வெஸ்ட் 2016-இல் எடுத்தாண்டார், ஜே-சி 2017-இல் எடுத்தாண்டார். ஆனால் அவருக்குப் பல்லாண்டு காலம் அதிலிருந்து பணம் வரவே இல்லை. அமெரிக்கா போய் வங்கியில் வேலை பார்த்தார். பழைய அறைகளில் நல்ல இசை பிறந்தது, சரி. அந்த அறைகளின் கணக்குப் புத்தகம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி 1985-இல் ஆரம்பித்தது. முதல் விருது பிளாக் யுஹூருவுக்கு, அந்தக் குழுவில் பூமா ஜோன்ஸ் இருந்தார் என்பது எனக்குப் பெருமை. ஆனால் தன் பெயரில் ஒரு பெண் அதை வாங்க 2020 வரை ஆனது. ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த காஃபி, வயது 19, அந்த விருதை வாங்கியவர்களிலேயே இளையவர். 'டோஸ்ட்' பாட்டைக் கேளுங்கள். நன்றி சொல்கிற பாட்டு, யாரையும் மட்டம் தட்டாமல் அவ்வளவு துள்ளல். ஜா9, லைலா ஐகே, குவீன் இஃப்ரிகா என்று இன்று நான் வரிசையாகக் கேட்கலாம். ஜா9-இன் 2013 தொகுப்பை ரோரி ஸ்டோன் லவ் தயாரித்தார், பேஸுக்கும் இடைவெளிக்கும் பஞ்சமே இல்லை. குரல் ஜாஸ் பக்கம் சாயும். இப்படி ஒரு தொகுப்பு 1976-இல் வந்திருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றவில்லை, அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு அந்த அறையில் அவ்வளவு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடற்காற்று

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் இந்த இசைக்குப் புதிது. எங்கள் தலைமுறையில் பலருக்கு முதல் அறிமுகம் 1996-இல் லவ் பேர்ட்ஸ் படத்தில் ரஹ்மான் இசையில் அப்பாச்சி இந்தியன் பாடிய 'நோ ப்ராப்ளம்'தான். அது ரெகேயா, இல்லையா? அப்புறம், இவ்வளவு பெயர் சொல்கிறீர்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று ஜோடியாகக் கொடுத்தால் நானே கேட்டுப் பார்க்கிறேன்.

ஸ்காபரோப்_பொடியன்

கடற்காற்று, அது டான்ஸ்ஹால், அதாவது மெட்டின் மேல் வேகமாகப் பேசிப் பாடுகிற ஆட்ட இசை, அந்த வழி வந்தது, ரெகேயின் பிள்ளைதான். அப்பாச்சி இந்தியன் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹான்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர். அது பஞ்சாபிக் குடும்பங்களும் ஜமைக்கக் குடும்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இடம். ஸ்டீல் பல்ஸ் குழுவும் அங்கே இருந்து வந்ததுதான், அவர்களின் 1978 தொகுப்புக்கே ஹான்ஸ்வொர்த் பெயர்தான் வைத்தார்கள்.

ஜோடி கேட்டீர்கள், நல்ல ஒன்று தாறன். முதலில் ஐனி காமோஸின் 'வோர்ல்ட் எ மியூசிக்', 1984, ஸ்லை டிரம்ஸிலும் ராபி பேஸிலும் வாசித்தது. முழுசாகக் கேளுங்கோ, அவசரப்பட வேண்டாம். பிறகு டேமியன் மார்லியின் 'வெல்கம் டு ஜாம்ராக்', 2005. தொடங்கின உடனேயே உங்களுக்கு விளங்கும், அதே மெட்டு, காமோஸின் குரலும் உள்ளே நிற்குது. ஆனால் மேலே டேமியன் சொல்கிற விஷயம் சுற்றுலாக்காரர் பார்க்கிற ஜமைக்காவுக்கும் அங்கே வாழ்கிற சனத்தின் ஜமைக்காவுக்கும் இடையில் இருக்கிற தூரம், துவக்கு, அரசியல்வாதிகள். கோபம் கொஞ்சமும் குறையாது.

தாழ்சுருதி அண்ணைக்கும் இதுதான் என் பதில். ரெகேயில் மெட்டு ஒருத்தருக்குச் சொந்தமாகி முடிந்துபோவதில்லை. ஒரு ரிடிம், அதாவது குரல் இல்லாத பின்னணி மெட்டு, வந்தால் அதன் மேல் எல்லாரும் பாடுவார்கள், இருபது வருஷம் கழித்தும் பாடுவார்கள். ஸ்டூடியோ ஒன்னில் போட்ட 'ஃபுல் அப்' மெட்டின் மேல் மைட்டி டயமண்ட்ஸ் ஒரு பாட்டுப் பாடினார்கள், அதே பாட்டை வார்த்தை மாற்றி 1982-இல் பர்மிங்காம் சின்னப் பிள்ளைகள் மியூசிக்கல் யூத் பாட, இங்கிலாந்தில் முதலிடம். பழையதும் புதியதும் ஒரே தட்டில் இருக்கிற இசையில் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

தாழ்சுருதி

தம்பி, ஜாம்ராக்கை நீ எடுத்து வைத்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அது என் பக்கத்துச் சாட்சி. 2005-இல் வந்த மிகப் பெரிய ரெகே பாட்டு எதன் மேல் நிற்கிறது? ஸ்லையும் ராபியும் 20 வருடத்துக்கு முன் வாசித்து வைத்ததன் மேல். பாட்டை டேமியன் அற்புதமாக எழுதினார், அதை மறுக்க மாட்டேன், அவர் குரலில் இருக்கிற கரகரப்பு எனக்குச் சிலிர்க்கும். ஆனால் கால் தாளம் போடுவது பழைய அறைக்கு. இன்று போடுகிற மெட்டுகளில் எத்தனை 2045-இல் இன்னொருவர் எடுத்தாள்வதற்கு நிற்கும் என்பதுதான் நான் கேட்பது.

செவ்வந்தி, ஐ-த்ரீஸை நான் சொல்லியிருக்க வேண்டியதுதான், ஜூடி மோவட்டின் 'பிளாக் வுமன்' தொகுப்பு என் அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது. கணக்குப் புத்தகம் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை மாற்ற முடியாது. வாசித்தவர்களுக்கும் அதே கதிதான். பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்பினார்கள், அந்த மெட்டுகள் அரை நூற்றாண்டாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கின்றன. இசை உயர்வாக இருந்ததும் அவர்களை ஏமாற்றியதும் இரண்டும் உண்மை.

காலத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் காயத்தோடு மேடை ஏறினார். 1978 ஏப்ரலில் ஒன் லவ் கச்சேரியில் எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் மைக்கேல் மான்லியையும் எட்வர்ட் சீகாவையும் மேடைக்கு அழைத்துக் கைகளைச் சேர்த்துப் பிடித்தார். கல்ச்சர் குழு 1977-இல் இரண்டு ஏழுகள் மோதுகிற நாளைப் பற்றிப் பாடியபோது, அந்த வருடம் ஜூலை 7 (7-7-77) அன்று கிங்ஸ்டனில் பலர் பயந்து வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பாட்டு அப்படி ஊரோடு ஒட்டியிருந்தது.

ஒலிப்பெட்டி

தாழ்சுருதிக்கு ஒரு வேண்டுகோள். புரோட்டோஜேயின் 'ஏன்ஷன்ட் ஃப்யூச்சர்', 2015. அதில் குரோனிக்ஸ் சேர்ந்து பாடிய 'ஹூ நோஸ்' இருக்கிறது. நல்ல ஸ்பீக்கரில், பேஸைக் கவனித்துக் கேளுங்கள். குரோனிக்ஸ் தன்னோடு கொண்டுபோகிற ஜிங்க்ஃபென்ஸ் ரிடெம்ப்ஷன் முழு வாத்தியக் குழு, அவர்களின் மேடைப் பதிவுகளையும் பாருங்கள். ரெகே ரிவைவல் என்று 2010களில் ஒரு கூட்டமே இதற்காகத்தான் வந்தது: கபாகா பிரமிட், ஜெஸ்ஸி ராயல், செவ்வந்தி சொன்ன ஜா9. மடிக்கணினி இவர்களிடமும் உண்டு. ஆனால் வாசிக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

பனங்காடு

இந்த இடத்தில் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேச வேண்டியிருக்கிறது. ரிவைவல் கூட்டம் எனக்குப் பிடிக்கும், ஆனால் பழையதைப் போலவே செய்ய வேண்டும் என்ற கவனம் சில பாட்டுகளில் அதிகமாகிவிடுகிறது. ஹார்ன் எங்கே வரும், எக்கோ எங்கே விழும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. எனக்குப் புதியதில் நெஞ்சைத் தொட்டது 90களின் நடுப்பகுதி. 1994 டிசம்பரில் கார்னெட் சில்க் தீ விபத்தில் இறந்துபோனார். அந்தச் சமயத்தில்தான் டான்ஸ்ஹாலின் முரட்டுப் பையனாக இருந்த பூஜு பான்டன் 1995-இல் 'டில் ஷைலோ' தொகுப்பைக் கொண்டுவந்தார், டிஜிட்டல் தாளமும் ஜமைக்காவின் ரஸ்தஃபாரி சமயத்தார் தட்டுகிற நையபிங்கி மத்தளமும் ஒரே தட்டில். அவருடைய முந்தைய பாட்டு ஒன்றில் ஓரினச் சேர்க்கையாளர்களைக் கொல்லச் சொல்கிற வரிகள் இருந்தன, அது அவரை விட்டுப் போகாத கறை, 2019-இல் அந்தப் பாட்டைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் 'டில் ஷைலோ'வும் 1997-இல் சிஸ்லாவின் 'பிளாக் வுமன் அண்ட் சைல்ட்' தொகுப்பும் எதையும் திரும்பச் செய்யவில்லை. பழைய இழையையே பிடித்து வேறு இடத்துக்குப் போனார்கள்.

செவ்வந்தி

2022 கிராமியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அமெரிக்காவின் வெர்ஜீனியாவைச் சேர்ந்த சோஜா குழுவுக்கு விருது போனது. ஜமைக்காவின் ஸ்பைஸ், ஷான் பால் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பெரிய சத்தம் எழுந்தது. சோஜா கெட்ட குழு இல்லை, மனதோடுதான் வாசிக்கிறார்கள். ஆனால் கடற்கரை, வெயில், நிம்மதி என்று மட்டும் ஆகிவிட்ட ரெகேயைப் புதிய ரெகேயின் முகமாக வைத்து எடைபோட்டால் யாருக்கும் பழையதுதான் பெரிதாகத் தெரியும். அடுத்த வருடமே கபாகா பிரமிடின் 'தி காலிங்' வாங்கியது, அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கடற்காற்று

ஜோடியைக் கேட்டேன். முதலில் காமோஸ், பிறகு டேமியன். முன்பு போனில் கேட்டபோது எனக்குப் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, மாமா வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் போட்டதும் அதே பாட்டு வேறு பாட்டாக இருந்தது. ஒலிப்பெட்டி சொன்னது புரிந்தது. எனக்கு டேமியன்தான் அதிகம் பிடித்தது. ஆனால் இரவு முழுக்க வாயில் வந்தது அந்த பேஸ் வரி, வார்த்தைகள் இல்லை. இதை யார் கணக்கில் எழுதுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஹூ நோஸ்' பாட்டையும் கேட்டேன், அம்மாவுக்கும் பிடித்திருந்தது.

தாழ்சுருதி

என் கணக்கில்தான். 'ஹூ நோஸ்' கேட்டேன், அந்தக் குழுவின் மேடைப் பதிவும் பார்த்தேன். டிரம்ஸ்காரர் ஒன்றைக் காலியாக விடுகிறார், பேஸ்காரர் அதற்குள் அவசரப்படாமல் வந்து உட்காருகிறார், மனம் நிறைந்தது. 1984 என்று கிழித்த கோட்டை நான் அழிக்கப் போவதில்லை, ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே அறையில் வாசிக்கிறவர்கள் யார் யார் என்று பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன். ஒலிப்பெட்டி, தம்பி, பெயர்களைக் கொடுங்கள். தொகுப்பு, ஆண்டு, யார் டிரம்ஸ், யார் பேஸ் என்று சேர்த்து எழுதினால் நல்லது. பாடகர் பெயர் மட்டும் போதாது.

மூவர் குரல் குழு ஒன்றாவது தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

ஸ்காபரோப்_பொடியன்

அண்ணை, மூவருக்கு இப்போதைக்கு என்னிடம் ஆள் இல்லை, எக்லிண்டனில் ஒரு தட்டுக்கடை ஐயாவைக் கேட்டுவிட்டு வாறன். பேஸ், டிரம்ஸ் பெயர்களைத் தனித்தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் தாங்கோ.